கேமரா எழுத்துக்கு நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய பிலிம் கேமராக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. இன்றைய பிள்ளைகள் தாத்தாவின் பீரோவைக் குடைந்து யாஷிகாவை எடுத்து, ரோல் போட்டு ஊர் சுற்றுகிறார்கள் என்று படித்தால், அந்தக் கேமராவை வைத்தே குடும்பம் நடத்தியவனுக்குச் சந்தோஷமாக இருக்காதா என்ன. ஆனால் அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் கட்டம் கட்டி, கேமராவில் அழிந்துபோன எழுத்துகளையும் எண்களையும் பளிச்சென்று ஆக்க எளிய வழி என்று ஒன்று போட்டிருந்தீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம். வெள்ளை நெயில் பாலிஷைத் தடவி, காய்ந்ததும் ரிமூவரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டால் போதுமாம். ஐயா, அதை நம்பி இந்த வாரம் எத்தனை கேமரா பாழாகப் போகிறதோ தெரியவில்லை.

நெயில் பாலிஷ் ரிமூவர் பெரும்பாலும் அசிட்டோன். அசிட்டோன் இல்லாதது என்று சொல்லி விற்கிறார்களே, அதிலும் அனேகமாக எத்தில் அசிடேட் இருக்கும், அதுவும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. நெயில் பாலிஷே அப்படித்தான், நைட்ரோசெல்லுலோஸை இந்த மாதிரி கரைப்பானில் கரைத்து நிறம் சேர்த்ததுதான் அது. பாலிஷைத் தடவும்போதே ஒரு கடி, துடைக்கும்போது இன்னொரு கடி. உலோக உடம்பு என்றால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த உலோகம் என்றால் பெயின்ட் இளகிப் பஞ்சோடு வரும் ஆபத்து உண்டு. அப்புறம் உலோகம் மாதிரி தெரிவதெல்லாம் உலோகமும் கிடையாது. 1976-இல் வந்த கேனான் ஏஇ-1 இருக்கிறதே, அதை இன்றைக்கும் இரும்புக் குண்டு என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள், அதன் மேல்மூடி ஏபிஎஸ் பிளாஸ்டிக். மேலே உலோக முலாம் பூசியிருப்பதால் தொட்டால்கூடத் தெரியாது. முலாம் விட்டுப்போன ஒரு ஓரத்தில் அசிட்டோன் பட்டால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பிசின் மாதிரி இளகிவிடும். காந்தம் வைத்துப் பார்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால் அதுவும் உதவாது, உலோகக் கேமராவின் மூடிகள் பெரும்பாலும் பித்தளை அல்லது அலுமினியம், காந்தம் இரண்டிலும் ஒட்டாது. ஒரு காலத்தில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த ஆக்ஃபா கிளிக்-3, அதுதான் 120 ரோலில் 12 படம் எடுக்குமே, அது வெளிப்படையாகவே பிளாஸ்டிக். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து ரோலைப் போட்டு அதில் எடுத்த படங்கள் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் இருக்கும். அதைப் போய் அசிட்டோனில் துடைத்தால் என்ன மிஞ்சும்?

சரி, அப்படியானால் அழிந்த எழுத்தை அப்படியே விட்டுவிடுவதா? வேண்டியதில்லை. சரிசெய்ய வழி இருக்கிறது, ஆனால் உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டது அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலையை. அந்த எழுத்து வெட்டியதா, அச்சடித்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டியிருப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி உலோகத்தில் பள்ளமாக வெட்டி, அந்தப் பள்ளத்தில் பெயின்ட் நிரப்பியது ஒரு வகை. 1950-லிருந்து 80 வரைக்கும் வந்த நல்ல உலோகக் கேமராக்களின் ஷட்டர் வேகத்தை வைக்கும் டயல், லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் வளையம், தூர அளவு எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. இன்னொரு வகை, மேற்பரப்பில் சும்மா அச்சாக ஒட்டியிருக்கும். பின்னால் வந்த பிளாஸ்டிக் கேமராக்களில் நிறைய இப்படித்தான். ஒரே கேமராவிலேயே டயல் எண் வெட்டியதாகவும் பக்கத்திலிருக்கும் பெயர் அச்சடித்ததாகவும் இருப்பதுண்டு, அதனால் ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் அப்படித்தான் என்று முடிவு கட்டக்கூடாது.

கண்டுபிடிப்பது சுலபம். அறையை இருட்டாக்கிவிட்டு போன் டார்ச்சைப் படுக்கவைத்த மாதிரி பக்கவாட்டில் அடியுங்கள். வெட்டிய எழுத்தென்றால் பள்ளத்தின் ஒரு கரையில் மெல்லிய நிழல் விழும், நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டும். அச்சடித்ததில் நிழலும் விழாது, நகமும் தட்டாது. பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது, வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் மாட்டிக்கொள்வார்களே அந்தக் குட்டி லென்ஸ் கிடைத்தால் ராஜயோகம். வெட்டிய எழுத்து என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் பெயின்ட் போனாலும் எழுத்து போகவில்லை, பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது. நீங்கள் புதிதாக எதையும் வரையப் போவதில்லை.

இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் உங்கள் கட்டுரை பார்த்ததும் எனக்கு ஒப்பவில்லை. கேமராவில் இருக்கும் எழுத்து வேலை செய்கிற எழுத்து. அப்பர்ச்சர் எண் அழிந்தால் பழகியவன் சமாளித்துக்கொள்வான், ஒரு கோடியிலிருந்து கிளிக் கிளிக்கென்று எண்ணிக்கொண்டே வந்தால் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று இடம் தெரிந்துவிடும், சில லென்ஸில் இரண்டு எண்ணுக்கு நடுவில் அரை ஸ்டாப்புக்கும், அதாவது பாதி அளவுக்கும், ஒரு கிளிக் இருக்கும், அதைக் கவனித்தால் போதும். ஷட்டர் டயலையும் அப்படி எண்ணிவிடலாம். ஆனால் பிளாஷ் சங்கதி வேறு. பென்டாக்ஸ் கே1000 மாதிரி, பிலிமுக்கு முன்னால் திரை ஓடித் திறக்கும் ஷட்டர் உள்ள கேமராவில் பிளாஷுக்கு 60-க்கு மேல், அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்கைவிட வேகமாக, போகக்கூடாது, போனால் திரை முழுதாகத் திறந்திருக்காது, படத்தில் ஒரு பக்கம் மாப்பிள்ளை இருப்பார், இன்னொரு பக்கம் கறுப்பாக இருக்கும். அதனால்தான் அந்த வேகத்தை மட்டும் வேறு நிறத்தில் எழுதுவார்கள், அல்லது பக்கத்தில் எக்ஸ் என்றோ மின்னல் குறியோ போடுவார்கள். 1984-இல் மாற்றி வெளியிட்ட நிக்கான் எஃப்எம்2-வில் 250 என்பது சிவப்பு. அந்தச் சிவப்பு அழிந்து, தெரியாதவர் வந்து எல்லா எண்ணையும் ஒரே வெள்ளையில் நிரப்பிவிட்டால், அடுத்து அந்தக் கேமராவை வாங்குகிறவனுக்கு வழிகாட்ட ஒன்றுமே இல்லை.

இதைவிட மோசம், யாஷிகா-டி போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களில் வரும் எம், எக்ஸ் என்ற இரண்டே எழுத்து. இந்தக் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் எந்த வேகத்திலும் பிளாஷ் ஒத்துப்போகும், அந்தக் கவலை இல்லை. ஆனால் அந்தக் குட்டி நெம்புகோலை எக்ஸ்-இல் வைத்தால் எலக்ட்ரானிக் பிளாஷுக்கு, எம்-மில் வைத்தால் அது பழைய பிளாஷ் பல்புக்கானது. பல்பு பற்றிக்கொண்டு முழு வெளிச்சத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால் ஷட்டர் திறப்பதற்குச் சற்று முன்னாலேயே அதற்குத் தகவல் போய்விடும். அதே இடத்தில் எலக்ட்ரானிக் பிளாஷை மாட்டினால் அது கண் இமைக்கும் முன் அடித்து ஓய்ந்துவிடும், அதற்குப் பிறகு ஷட்டர் நிதானமாகத் திறந்து மூடும். பிளாஷ் அடித்ததை எல்லாரும் பார்த்திருப்பார்கள், ரோலைக் கழுவினால் இருட்டு. அந்த எம், எக்ஸ் இரண்டும் வியர்வையிலும் தோல் உறையின் உரசலிலும் தேய்ந்து போன கேமராக்கள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன. அதனால் எழுத்தை நிரப்புங்கள் என்றே நானும் சொல்வேன். செய்வதைப் பக்குவமாகச் செய்யுங்கள் என்பதுதான் என் பேச்சு.

முதலில் எல்லாப் பக்கத்தையும் கிட்டத்தில் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சப் பெயின்ட் என்ன நிறம் என்பதற்கு அதுதான் சாட்சி, சுத்தம் செய்யத் தொடங்கினால் அதுவும் போய்விடும். அப்புறம் பள்ளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அதில் இருப்பது கறுப்புப் பெயின்ட் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பெரும்பாலும் அழுக்கு, வியர்வை, கிரீஸ், ஓரங்களில் பித்தளையிலிருந்து வந்த பச்சைக் களிம்பு. இதற்கு ஊசி எடுக்காதீர்கள், ஊசி வழுக்கினால் பக்கத்துப் பெயின்டில் ஒரு கோடு விழும், அது ஆயுசுக்கும் இருக்கும். ஈர்க்குச்சியைவிட நல்ல ஆயுதம் இதற்குக் கிடையாது. தென்னை ஈர்க்கை நுனியில் சாய்வாகச் சீவினால் 5 என்ற எண்ணின் வளைவுக்குள் கச்சிதமாக ஓடும், உலோகத்தையும் கீறாது. நுனி மழுங்கினால் இன்னொரு சீவல், அவ்வளவுதான். அழுக்கு பிடிவாதமாக இருந்தால் ஈர்க்கின் நுனியில் கறை எடுக்கப் பயன்படும் ஒயிட் பெட்ரோல் ஒரு துளி தொட்டுக்கொள்ளலாம். ஒரு துளி என்றால் ஒரு துளிதான். ஊற்றிவிட்டால் அது டயலுக்கு அடியிலும் லென்ஸின் மரைக்குள்ளும் இறங்கி, அங்கே இருக்கும் கிரீஸைக் கரைத்துக்கொண்டு அப்பர்ச்சர் இதழ்களுக்குப் போய்ச் சேரும். இதழ் ஒட்டிக்கொண்டால் எழுத்துக்காகத் தொடங்கிய வேலை லென்ஸைப் பிரிப்பதில் வந்து நிற்கும். சானிடைசருக்குப் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதைக் கொண்டும் சிலர் துடைக்கிறார்கள். உலோகத்தில் பரவாயில்லை, ஆனால் பிலிம் எண்ணைக் காட்டும் சின்ன ஜன்னல் அக்ரிலிக் பிளாஸ்டிக்காக இருந்தால் ஆல்கஹால் பட்டு மயிரிழை விரிசல் விடக்கூடும், அந்தப் பக்கம் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். இன்னொன்று, பழைய மஞ்சள், ஆரஞ்சுப் பெயின்டுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. சுரண்டிய தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

பெயின்ட் எது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. வெளிநாட்டில் இதற்கென்றே குச்சி வடிவில் லாக்கர் ஸ்டிக் விற்கிறார்கள், தேய்த்துவிட்டுக் காகிதத்தால் வழித்தால் ஆயிற்று, கிடைத்தால் வாங்குங்கள். குழந்தைகளின் மெழுகுக் கிரேயானைத் தேய்க்கச் சொல்லும் வழியும் ஒன்று உண்டு. செய்து பார்க்க எளிது, பிடிக்கவில்லை என்றால் எடுப்பதும் எளிது, ஆனால் நம் ஊர் மே மாத வெயிலில் வண்டியின் டிக்கிக்குள் கேமரா இருந்தால் மெழுகு இளகும், கைக்குட்டையில் ஒட்டும். அலமாரியில் வைத்துப் பார்க்கிற கேமராவுக்கு அது போதும், தினமும் கையில் புழங்குவதற்கு என் ஓட்டு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண சிந்தெட்டிக் எனாமலுக்குத்தான், இருப்பதிலேயே சின்ன டப்பா வாங்கினால் ஆயுளுக்கும் வரும். பிளாஸ்டிக் உடம்பில் வெட்டிய எழுத்தாக இருந்தால் எனாமலும் வேண்டாம், துணியில் பூ வரைகிற அக்ரிலிக் பெயின்ட் போதும், ஈரம் காயும் முன் வெறும் தண்ணீர் தொட்ட துணியாலேயே துடைத்துவிடலாம்.

வெள்ளையை டப்பாவில் இருப்பது போலவே பூசினால் உறுத்தும். பழைய பெயின்ட் எண்ணெய் காய்ந்து காய்ந்து லேசாக மஞ்சளித்திருக்கும், ஐம்பது வருஷத்துக் கறுப்பு டயலில் புது வெள்ளை எண்கள் பொய்ப்பல் மாதிரி தனியாகத் தெரியும். ஈர்க்கு நுனியில் மஞ்சளும் அதைவிடக் குறைவாகப் பழுப்பும் தொட்டுக் கலந்து, ஒரு தாளில் வைத்து, அழியாமல் இருக்கும் பக்கத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டப்பாவில் இருப்பதைவிடக் காய்ந்தபின் நிறம் சற்று மாறும் என்பதால் காயவிட்டுப் பார்ப்பது உத்தமம்.

நிரப்புவதுதான் முழு வித்தை. ஸ்டூடியோவில் பிரிண்டில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மையால் மறைக்கும் ஸ்பாட்டிங் வேலை செய்த கைக்கு இது பழக்கம், அந்த மூன்று சைபர் என்ற பொடி பிரஷ்ஷே இதற்கும் போதும். எழுத்துக்குள் பெயின்டைச் சற்று வழியும்படியே விடுங்கள், ஓரம் தாண்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். உடனே, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையில் விரலகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதை விறைப்பாகப் பிடித்து ஒரே இழுப்பாக வழித்துவிடுங்கள். இங்கேதான் பலரும் பஞ்சையோ மெத்தென்ற துணியையோ எடுக்கிறார்கள். பஞ்சு பள்ளத்துக்குள் இறங்கி நிரப்பியதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும், பிறகு எழுத்து நடுவில் குழிந்து வெளிறிப்போய்த் தெரியும். அட்டை விறைப்பாக இருப்பதால் மேற்பரப்பை மட்டும் தொட்டுப் போகும், பள்ளத்தில் இருப்பது பள்ளத்திலேயே இருக்கும். வழித்த பிறகும் எழுத்தைச் சுற்றி ஒரு மங்கலான படலம் நிற்கும். அதை அப்போதே தேய்க்காமல், கால் மணியோ அரை மணியோ விட்டு, உள்ளே இருப்பது கொஞ்சம் இறுகியதும், அதே அட்டையில் பழைய வேட்டித் துணியை ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி, டர்பன்டைனைத் தொட்டோம் தொடவில்லை என்ற அளவில் தொட்டு, எழுத்தின் கோட்டுக்குக் குறுக்காக இழுங்கள். கோட்டோடு இழுத்தால் துணி உள்ளே விழும்.

வெள்ளி நிற மேல்மூடியில் கறுப்பு எழுத்து நிரப்பும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அந்தக் குரோம் பளபளப்பாக இல்லாமல் பொடிமணல் பதித்த மாதிரி சொரசொரப்பாக இருக்கும், கறுப்பு அந்தச் சொரசொரப்பில் தங்கிவிட்டால் புகை படிந்தது போல ஆகிவிடும். ஒரு நேரத்துக்கு ஓர் எழுத்து என்று போவது நல்லது. எல்லாம் முடிந்ததும் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி, தூசு படாமல் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். எனாமல் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் இறுகும், தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் இழுக்கும். காய்ந்தபின் சற்றுக் குழிந்திருந்தால் அதன்மேல் இன்னொரு பூச்சு.

நிக்கான் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நிக்கான் கம்பெனியின் பழைய நிக்கார் லென்ஸில் அப்பர்ச்சர் எண்கள் ஆளுக்கொரு நிறத்தில் இருக்கும், நீலம் மஞ்சள் என்று. அது அலங்காரம் என்று நினைத்து எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிடாதீர்கள். வளையத்தில் எந்த எண் எந்த நிறமோ, அதே நிறத்தில் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும், அந்த அப்பர்ச்சரில் எங்கிருந்து எங்குவரை தெளிவாக விழும் என்று அவை காட்டும். 1977-இல் வந்த ஏஐ என்ற ரக நிக்கார் லென்ஸ்களில் எண்கள் இரண்டு வரிசை, பெரியது நாம் பார்க்க, பொடிசாக இருக்கும் இன்னொரு வரிசை வியூஃபைண்டரில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகத் தெரிவதற்கு. அந்தப் பொடி எண்ணில் பெயின்ட் கொஞ்சம் அப்பிக்கொண்டாலும் கண்ணுக்கு 5.6 என்பது ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் தெரியும், அதைத் தொடாமல் இருப்பதே மேல். அதற்கடுத்து வந்த ஏஐ-எஸ் லென்ஸில் கடைசி எண், 22 ஆகட்டும் 16 ஆகட்டும், இரண்டு வரிசையிலும் ஆரஞ்சு நிறம். இது ஏஐ-யா, ஏஐ-எஸ்-ஸா என்று வாங்குகிறவர்கள் சட்டென்று அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். அந்த 22-ஐ வெள்ளையாக்கினால் லென்ஸின் ஜாதகமே மாறிவிடும். அதே மாதிரி தூர அளவுப் பக்கத்தில் தன்னந்தனியாக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால் அது இன்ஃப்ராரெட் பிலிமுக்கான போகஸ் குறி, பெயின்ட் சிந்தியது என்று சுரண்டிவிடாதீர்கள். பிலிம் எவ்வளவு வெளிச்சத்தை உணரும் என்று காட்டும் அளவு டயலில் ஏஎஸ்ஏ என்றிருப்பதை இன்றைய பெயரான ஐஎஸ்ஓ என்று மாற்றலாமா என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். எதற்குப்பா? 100 ஏஎஸ்ஏ என்றாலும் 100 ஐஎஸ்ஓ என்றாலும் அதே பிலிம்தான்.

அச்சடித்த எழுத்து தேய்ந்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு என் பதில் சுருக்கம், விட்டுவிடுங்கள். பள்ளம் இல்லாத இடத்தில் பிரஷ்ஷால் எழுதினால் அது உங்கள் கையெழுத்தாகத்தான் இருக்கும், தொழிற்சாலை எழுத்தாகாது. ஒரு காலத்தில் லெட்ராசெட் என்ற எழுத்துத் தாளை வைத்து உரசி ஒட்டினோம், இப்போது தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீகால் போட்டுத் தருகிறார்கள், அளவும் எழுத்து வடிவமும் அப்படியே அமைந்தால் சரிதான், ஆனால் மேலே வார்னிஷ் பூசாவிட்டால் விரல் பட்டு உரிந்துவிடும், வார்னிஷ் பூசினால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். இரண்டும் பார்க்கச் சகிக்காது. எம், எக்ஸ் மாதிரி அவசியமான குறி என்றால் கேமராவின் அடியில் ஒரு சின்னச் சீட்டில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீரியல் நம்பர். அதில் பெயின்ட் போயிருந்தாலும் படிக்க முடிகிறதென்றால் கை வைக்காதீர்கள். பெயின்ட் வழிந்து 3 என்பது 8 ஆகத் தெரிந்தால் அடுத்து விற்கும்போது சந்தேகம் வரும், வருவதும் நியாயம்தான். சோவியத் காலத்து ஃபெட், சோர்கி கேமராக்களின் பெயரைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று வெட்டி, உள்ளே புதுப் பெயின்ட் நிரப்பி விற்கும் வியாபாரம் ரொம்ப நாளாக நடக்கிறது, அதனால் பழைய கேமராவில் புத்தம்புது எழுத்தைப் பார்த்தால் விவரம் தெரிந்தவன் முதலில் புருவத்தைத்தான் உயர்த்துவான். நீங்கள் நிரப்பியிருந்தால் விற்கும்போது வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், விலையில் பெரிதாக ஒன்றும் குறையாது.

அப்புறம் விளிம்புகளில் கறுப்புப் பெயின்ட் தேய்ந்து பித்தளை மினுங்குகிறதே, அதையும் பூசி மறைத்தால் என்ன என்று உங்கள் கட்டுரை கேட்கிறது. எழுத்து தேய்ந்தால் வேலை கெடும், விளிம்பு தேய்ந்தால் என்ன கெடும்? 2015-இல் லைக்கா கம்பெனி பாடகர் லென்னி கிராவிட்ஸை வைத்து கரெஸ்பாண்டன்ட் என்றொரு கேமராவை வெளியிட்டது, புதுக் கேமராவையே கையால் உரசி உரசிப் பித்தளை தெரிய வைத்து, 125 செட் மட்டும் செய்து விற்றார்கள். அவன் காசு வாங்கிக்கொண்டு தேய்த்துக் கொடுக்கிறான், நம் வீட்டில் தாத்தா சும்மாவே தேய்த்து வைத்திருப்பதை நாம் டப்பா பெயின்டால் மூடுவதா?

இதையெல்லாம் நானே செய்யமாட்டேன், கடையில் கொடுக்கிறேன் என்கிறவர்களும் ஒன்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். என் உறவுக்காரப் பையன் ஒருவன் அவன் அப்பாவின் 50 எம்எம் லென்ஸை ஒரு கடையில் கொடுத்துப் போகஸ் வளையத்தின் எண்களை நிரப்பச் சொன்னான். திரும்பி வந்தபோது அடி எண் மீட்டர் எண் எல்லாம் ஒரே வெள்ளை, வளையத்தின் கறுப்புப் பூச்சு தின்னர் பட்டுச் சாம்பல் நிறமாகிக் கிடந்தது, வளையத்தைச் சுற்றினால் மாவாட்டுவது போல நெறநெறவென்றது, துடைத்த தின்னர் மரைக்குள் இறங்கியிருக்கிறது. கேட்டால் பளிச்சென்று தெரிகிறதல்லவா என்றார்களாம். எதில் துடைப்பீர்கள், எந்தெந்த எண் எந்த நிறம் என்று குறித்துக்கொண்டீர்களா, இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வராத கடையில் லென்ஸைக் கொடுக்காதீர்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, முழுவதையும் போட உங்களுக்கு இடம் இருக்காது என்று தெரியும். வெட்டுவதானால் என் ஸ்டூடியோ புராணத்தை வெட்டுங்கள். ஆனால் அடுத்த ஞாயிறு இணைப்பில், அந்தக் கட்டம் வந்த அதே பக்கத்தில், நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் கேமராவில் படக்கூடாது என்று இரண்டு வரியாவது போட்டுவிடுங்கள். அந்தக் கட்டத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டூடியோக்காரன்,
கும்பகோணம்.